ஊரில் வயல், மும்பையில் நீங்கள்: தக்கைப்பூண்டு விதைக்க யார் காசு போடுவது?

மாட்டுங்கா மார்க்கெட்டில் அரிசி வாங்கும்போது விலை கேட்பீர்கள், பழசா புதுசா என்றும் கேட்பீர்கள். ஊரில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் வயலைப் பற்றிக் கடைசியாக எப்போது விசாரித்தீர்கள்? தாராவியிலும் செம்பூரிலும் இருக்கிற பல குடும்பங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் இருக்கும். பட்டா இன்னும் தாத்தா பேரில். வருஷா வருஷம் குத்தகைப் பணம் வரும், அதோட சரி.

இப்போது ஏன் இந்தக் கேள்வி? 2024-25 வேளாண் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்ற திட்டத்தை 206 கோடி ரூபாயில் அறிவித்தது. அதில் 20 கோடி, 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்க. வகுத்துப் பாருங்க, ஏக்கருக்கு 1,000 ரூபாய்.

பசுந்தாள் உரம் என்றால்?

உரத்துக்காகவே ஒரு பயிரை வளர்த்து, பூக்கிற நேரத்தில் அதே வயலில் மடக்கி உழுதுவிடுவது. தக்கைப்பூண்டு, சணப்பு, மணிலா அகத்தி, கொளுஞ்சி எல்லாமே பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். தக்கைப்பூண்டுக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதை, சுமார் 45 நாள். உழுத பின் ஒரு வாரம், பத்து நாள் மட்க விட்டு நடவு. நாள் தள்ளினால் தண்டு முற்றி நார் ஏறிவிடும், சீக்கிரம் மட்காது.

யூரியா கணக்கு

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மீதியை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. ஒரு மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்குத் தருவது தோராயமாக 25 முதல் 40 கிலோ. அதாவது இரண்டு மூட்டைக்குள், 533 ரூபாய்க்குள். அரசு ஒதுக்கிய 1,000 ரூபாயே அதைவிட அதிகம். உழவுக் கூலி, தண்ணீர் தனி. தழைச்சத்தை மட்டும் பார்த்தால் இது நஷ்டம்தான். விவசாயிக்கு இது தெரியாமல் இல்லை.

அப்போ எதுக்கு? யூரியா தழைச்சத்தைத் தவிர வேறெதுவும் தராது. மடக்கி உழுத பயிர் மண்ணில் அங்ககப் பொருளைச் சேர்க்கும், இறுகிய மண் பொலபொலப்பாகும், ஈரம் நிற்கும். களர் நிலத்தைத் திருத்தத் தக்கைப்பூண்டைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் இந்தப் பலன் ஒரே போகத்தில் முழுசாகத் தெரியாது, நாலைந்து வருஷம் தொடர்ந்து செய்யணும். (ஒரு குறையும் உண்டு: பச்சைத் தழை தேங்கிய நீரில் மட்கும்போது மீத்தேன் கூடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் குறைக்கலாம்.)

சிக்கல் இங்கேதான். உங்கள் வயலை உழுபவருக்கு அடுத்த வருஷம் அந்த வயல் கிடைக்குமா என்றே தெரியாது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உரிமையாளர்கள் எழுத்தில் எதுவும் தருவதில்லை, ஆளையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பட்டாவும் சிட்டாவும் உங்கள் வீட்டுப் பெட்டியில். மானியம் கேட்டுப் போனால் அவர் கையில் காட்ட என்ன காகிதம் இருக்கும்? நாலு வருஷம் கழித்து வரும் பலனுக்காக அவர் ஏன் இன்று காசு போடணும்? என் பார்வையில், விதை மானியத்தைவிடப் பெரிய தடை இந்த வாய்மொழிக் குத்தகைதான்.

தண்ணீரும் ஒரு காரணம். டெல்டாவுக்கு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தண்ணீர் நிச்சயமில்லாத கோடைத் தரிசுக்குக் கொளுஞ்சி நல்ல தேர்வு, வறட்சியைத் தாங்கும். விதைத்தோல் கெட்டி, மணலோடு சேர்த்து இடித்துத்தான் விதைக்கணும். ஒருமுறை நன்றாக வந்துவிட்டால் அடுத்தடுத்த வருஷம் தானாகவே முளைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் குத்தகைக்காரரிடம் விதைச் செலவை ஏற்பதாகச் சொல்லுங்கள். சில வருஷத்துக்காவது எழுத்தில் கொடுக்க முடியுமா என்று அப்பா, சித்தப்பாவோடும் உட்கார்ந்து பேசுங்கள். பிசான அறுப்புக்கு முன்னாலேயே முடிவாக வேண்டும். அறுத்து வயல் காய்ந்த பிறகு பேசினால், கொளுஞ்சி முளைக்கக்கூட ஈரம் இருக்காது.