முதலாளி வராத கோப்பை
2024 மே 12. வெம்பிளியில் 76,082 பேர். பெண்கள் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் மான்செஸ்டர் யுனைடெட் வீராங்கனை எல்லா டூன் தொலைவிலிருந்தே ஓங்கி உதைத்த பந்து, வலையின் மேல்மூலையில் போய்ச் செருகிக்கொண்டது. எதிரணி டாட்டனம் அதன்பின் எழவேயில்லை, 4-0. மான்செஸ்டர் யுனைடெட் பெண்களுக்கு முதல் பெரிய கோப்பை. 2005-ல் பெண்கள் அணியையே கலைத்துவிட்டு, 2018-ல்தான் மறுபடி ஆரம்பித்த கிளப் அது! பங்கு முதலாளி ஜிம் ராட்கிளிஃப் மட்டும் வரவில்லை. அன்றைக்கே ஓல்டு டிராஃபோர்டில் ஆண்கள் ஆட்டமாம். அந்த சீசனில் ஆண்கள் ஆடிய லட்சணத்துக்கு, தாராளமாக வெம்பிளிக்கே வந்திருக்கலாம். போன இடத்தில் அவர் பார்த்தது, ஆர்செனலிடம் 0-1 தோல்வி.