மெஸ்ஸானாவும் முத்துக்கரையும்

ரோமாபுரியின் சரித்திரத்தைப் படிப்போர் அதன் சட்டங்களையும் சாலைகளையும் கண்டு வியப்பர். நிலத்தில் மட்டுமே போரிட்டுப் பழகிய அந்நகரம் கடலரசு ஆனது எவ்வாறு என்பதோ, தூத்துக்குடிக் கரையை அறிந்த நமக்கு அதனினும் முக்கியமான விஷயம்.

கி.மு. 264-ல், ஸிஸிலித் தீவின் மெஸ்ஸானா நகரத்தார் சிரக்யூஸ் மன்னனால் நெருக்கப்பட்டனர். அவர்களில் ஒரு கட்சியார் கார்த்தேஜின் உதவியை நாடினர். மற்றொரு கட்சியார் ரோமரை அழைத்தனர். துணைக்கு வந்த ரோமர் திரும்பிச் செல்லவில்லை. கி.மு. 241-ல் யுத்தம் முடிந்தபோது தீவின் பெரும் பகுதி அவர்கள் வசமாயிற்று.

நம் முத்துக்குளித்துறையிலும் இத்தகைய அழைப்பு ஒன்று நேர்ந்ததுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் பரதவர்க்கும் முஸ்லிம் வணிகர்க்கும் பகை முற்றவே, பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டினர். 1538-ல் வேதாளையில் நடந்த போரில் போர்த்துக்கீசியர் எதிரிகளின் கப்பற்படையை முறியடித்தனர். பரதவரை இதற்காகக் குறை கூறுதல் நியாயமன்று. வெள்ளத்தில் தவிப்பவன் கிடைத்த கட்டையைப் பற்றவே செய்வான். எனினும் அதன்பின் கரையின் விதியை நிர்ணயித்தவை அந்நியர் தமக்குள் நடத்திய போட்டிகளே. 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1824-ல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் அது ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. காவலர் மாறினர், காவல் மாறவில்லை.

ரோமரிடம் நாம் கற்க வேண்டியது வேறு. தகுந்த கப்பற்படை இல்லாத அவர்கள், கரையொதுங்கிய கார்த்தேஜியக் கப்பல் ஒன்றை மாதிரியாகக் கொண்டு நூறு பெருங்கப்பல்கள் கட்டினர் என்றும், கப்பல்கள் முடியுமுன் தரையிலே பலகையிட்டுத் துடுப்பு வலிக்கப் பழகினர் என்றும் பொலிபியஸ் எழுதுகிறார். புயலில் பன்முறை படையிழந்தனர். பொக்கிஷம் வறண்டபோது செல்வர்கள் தம் பணத்தை ஈந்தனர். அப்பணத்தால் எழுந்த கப்பல்களே இறுதி வெற்றியைத் தந்தன. பகைவனிடம் பாடம் கற்றனர். செலவைத் தாமே ஏற்றனர்.

இவ்விரண்டையும் தூத்துக்குடியில் செய்யத் துணிந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் மக்களிடம் திரட்டப்படுவது. 1907-ல் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனி கலைந்தது.

ரோமர்க்குப் பின்னால் அவர்களுடைய அரசு நின்றது. பிள்ளையவர்களுக்கு எதிரே அரசே நின்றது. ஆகையால் இத்தோல்வியை முயற்சியின் குறையென்று கொள்ளலாகாது. ஆயினும் ஒன்று கேட்கலாம்: புயலில் படையிழந்த ரோமர் மீண்டும் கப்பல் கட்டினர், தலைவரைச் சிறையில் இழந்த நம்மவர், மிஞ்சிய கம்பெனியைக் காக்க எவ்வளவு முயன்றனர்?

2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் சூட்டுதல் எளிது. பங்கு வாங்கியவன் இடுக்கண் வரும்போதும் உடன் நிற்பதே கடலை ஆளும் மக்களின் இலக்கணம்.