இன்ஜெக்டரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி டியூப் போட்டுப் பாருங்க

பழைய டீசல் கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேனுங்க. வண்டி திக்குது, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுன்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா முதல்ல காதுல விழற வார்த்தை இன்ஜெக்டர். அடுத்தது பம்ப். மூணாவது டர்போ. மூணும் பையைக் காலி பண்ற சாமான். என்னைக் கேட்டா இந்த மூணையும் கடைசியாத்தான் தொடணும். முதல்ல பார்க்க வேண்டியது டீசல் வர்ற பாதையையும் காத்து வர்ற பாதையையும்.

எங்க பக்கம் பழைய டீசல் கார் ஏன் இவ்வளவு ஓடுதுன்னு நகரத்துல இருக்கிறவங்க கேட்கலாம். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தப்போ மாருதி டீசல் காரையே நிறுத்திருச்சு. சின்ன டீசல் கார் புதுசா வாங்க இப்ப வழி ரொம்பக் கம்மி. நீங்க கோயமுத்தூர்லயும் சென்னையிலயும் ஓட்டிட்டு விக்கிற வண்டிதான் கிராமத்துக்கு வருது. அதை நாங்க இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்டுவோம்.

என் வண்டி 2012 மாடல், காமன் ரெயில் இன்ஜின். சமதரையில அறுபதுல போனா ஒரு குறையும் இல்லை. திம்பம் மலையேறினா வினையே ஆரம்பிக்கும். அங்க 27 கொண்டை ஊசி வளைவு. அஞ்சாவது வளைவுக்குள்ள முக்கி முக்கிப் போகும், மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் மாட்டு வண்டி வேகந்தான். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே வருவான். ஓரங்கட்டி சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணி மறுபடி போட்டா கொஞ்ச தூரம் நல்லாப் போகும். இன்னொண்ணு, காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் நீளமா அடிக்கணும். பகல்ல அப்படி இல்லை. புகை மட்டும் வரவே இல்லை.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல ஸ்கேனர் மாட்டினாங்க. ரெயில் பிரஷர் கம்மின்னு ஒரு கோடு காட்டுச்சு. பி0087ன்னு வரும் அது. நாலு இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தாங்க. வண்டியோட விலையே ரெண்டு லட்சத்துச் சொச்சம். யோசிச்சுச் சொல்றேனுங்கன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஸ்கேனர் பொய் சொல்லலை. பிரஷர் கம்மிதான். ஆனா அது காய்ச்சல் மானி மாதிரி. நூத்தி ரெண்டுன்னு காட்டும், டைஃபாய்டா டெங்குவான்னு சொல்லாது. பம்ப் தேஞ்சாலும் அதே கோடுதான், இன்ஜெக்டர் ரிட்டர்ன்ல அதிகமா விட்டாலும் அதே கோடுதான், ஃபில்டர் அடைச்சாலும் அதே கோடுதான், குழாய்ல காத்துப் புடிச்சாலும் அதே கோடுதான்.

கிணத்து மோட்டார் ஓட்டினவனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஃபுட் வால்வு கசிஞ்சா ராத்திரி குழாய்ல நிக்கிற தண்ணி கிணத்துக்கு இறங்கிரும், காலையில தண்ணி ஊத்தித்தான் மோட்டாரைப் போடணும். சக்‌ஷன் குழாய்ல ஊசி முனை ஓட்டை இருந்தாலும் தண்ணி விட்டு விட்டு வரும். அதுக்காக யாராவது மோட்டாரை மாத்துவாங்களா? இதுல இன்னொரு விஷயம், சக்‌ஷன் பக்கத்து ஓட்டையில தண்ணி வெளிய சொட்டாது. காத்தை உள்ளதான் இழுக்கும். அதனால கண்ணுல படாது.

கார்லயும் அதே கதைதான். சில வண்டியில டேங்க்குக்குள்ளயே ஒரு பம்ப் இருந்து டீசலை முன்னாடி தள்ளும். அதுல கசிஞ்சா வெளிய ஈரம் தெரியும். டேங்க்குல பம்ப் இல்லாத வண்டியில ஹை பிரஷர் பம்ப்தான் அவ்வளவு தூரம் உறிஞ்சணும். அங்க கசிஞ்சா ஒரு சொட்டும் விழாது, காத்து உள்ள போகும். உங்க வண்டி எந்த வகைன்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. என்னது ரெண்டாவது வகை.

எங்க ஊருக்குப் பக்கத்துல டிராக்டர் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் இருக்கார். அவர் வண்டியைத் தொடவே இல்லை. "எப்பருந்துங்கண்ணா இப்படி?"ன்னு கேட்டார். டேஷ்போர்டு பெட்டியில இருந்த பழைய பில்லை எடுத்துப் பார்த்தார். வண்டி என் கைக்கு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் டீசல் ஃபில்டர் மாத்தியிருக்காங்க. "அப்ப அங்கதான் கை வெச்சிருக்காங்க"ன்னார். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸைக் கழட்டிட்டு, டீசலுக்குத் தாங்கற கண்ணாடி மாதிரி டியூப் ஒரு முழம் மாட்டினார். ஸ்டார்ட் பண்ணி சும்மா நிக்கும்போது ஒண்ணு ரெண்டு குமிழி. ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் சோடா பாட்டில் மாதிரி பொங்கிட்டு வந்துச்சு.

ஃபில்டர் தலையில மாட்டற கனெக்டருக்குள்ள ஒரு ஓ-ரிங், பாதி வெட்டுப்பட்டு மடிஞ்சிருந்துச்சு. கனெக்டரோட ஹோஸ் அறுநூறு ரூபா. போட்ட அன்னைக்கே திம்பம் ஏறி இறங்கினேன். காலையில அரை செல்ஃப்ல புடிக்குது.

எல்லா வண்டிக்கும் ஓ-ரிங்தான் காரணம்னு சொல்ல வரலை. வண்டி என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுக் கை வைக்கணும்னுதான் சொல்றேன். புகையைப் பாருங்க. இழுவை இல்லாம கறுப்புப் புகை தள்ளினா டீசல் வருது, காத்துதான் பத்தலை. ஏர் ஃபில்டர், டர்போவுலருந்து வர்ற பெரிய ஹோஸ்ல கிழிசல், கரி அடைச்சு மூடாம நிக்கிற இ.ஜி.ஆர் வால்வு, காத்தை அளக்கிற சென்சார்ல அழுக்கு, இப்படித் தேடணும். நகரத்து நெரிசல்ல ஊர்ந்தே ஓடின வண்டிக்கு இந்த இ.ஜி.ஆர் கரி கூடுதலா இருக்கும். புகையே இல்லாம இழுவை போனா டீசல் பக்கம் பாருங்க. வெள்ளைப் புகையோட நிக்கும்போதே தடதடன்னு ஆடினா அப்ப இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம். அதுக்கும் மாத்துறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டில்ல விட்டு ஓட விடுவாங்க. எந்தப் பாட்டில் சீக்கிரம் ரொம்புதோ அதுதான் கோளாறு. நாலையும் மாத்த வேண்டியதில்லை, ஒண்ணு போதும். எலியை மறந்துறாதீங்க. பானெட்டுக்குள்ள வயரைக் கடிச்சு வெச்சிருந்தா சென்சார் சொல்றது எதையும் நம்ப முடியாது.

கையில மொபைல் இருக்கிறவங்க சில நூறு ரூபா ப்ளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழ மாட்டி நீங்களே பார்க்கலாம். எல்லா வண்டியிலயும் எல்லாம் காட்டாது. ரெயில் பிரஷர் காட்டினா நல்லது. நிக்கும்போது சுமார் 250, 300 பார் இருக்கும். முழு மிதியில 1400, 1600 வரை போகும். கேட்ட அளவு ஏறிட்டே போக, வந்த அளவு பாதியில விழுந்துச்சுன்னா அந்த இடத்துல பட்டினி.

இங்க ஒரு எச்சரிக்கை. பழைய டிராக்டர், ஆயில் இன்ஜின்ல ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பார்ப்போம். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயில்கிட்ட காட்டாதீங்க, காட்டவும் விடாதீங்க. அந்த அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகி விரலே போகலாம். அப்படிப் பட்டா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதே மாதிரி ஃபில்டர் மாத்தினா டீசல் நிரப்பாம செல்ஃப் அடிக்கக் கூடாது. பம்புக்கு டீசல்தான் எண்ணெய். காஞ்சு சுத்தினா நல்ல பம்பும் கெட்டுரும்.

எண்பதாயிரம் சொன்ன ஒர்க்‌ஷாப்பை நான் திருடன்னு சொல்ல மாட்டேன். அவங்க நிலைமை வேற. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு தேடி, ஓ-ரிங்தான் கோளாறுன்னு கண்டுபுடிச்சா நாம எவ்வளவு கொடுப்போம்? "அம்பது காசு ரப்பருக்கு ஆயிரமா?"ன்னு சண்டை போடுவோம். எண்பதாயிரத்துக்குச் சாமான் மாத்தினா பில்லைப் பார்த்து வாயை மூடிட்டுக் கட்டுவோம். தேடறதுக்குக் கூலி இல்லை, மாத்துறதுக்குத்தான் கூலின்னு நாமளே பழக்கி வெச்சிருக்கோம். அந்தத் தம்பி கேட்டது ஐநூறு. நான் ஆயிரத்தைந்நூறு கொடுத்தேன். வாங்க மாட்டேன்னார், பாக்கெட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். கோளாறு கண்டுபுடிக்க எவ்வளவுன்னு முதல்லயே பேசி, அதைத் தனியாக் கொடுக்கிற வழக்கம் வரணும். வந்தா இன்ஜெக்டர் மாத்துற எண்ணிக்கை தானாக் குறையும்.

வண்டி விக்கப் போறவங்களுக்கு ஒரு கோரிக்கை. சர்வீஸ் பில்லைக் கிழிச்சுப் போட்டுறாதீங்க, வண்டியோட கொடுங்க. பழைய அட்ரஸ் இருக்கேன்னு கூச்சப்பட்டா அந்த இடத்தை மட்டும் பேனாவால அடிச்சிருங்க. மாசக் கணக்கா அபார்ட்மென்ட் அடியில நிறுத்தி வெச்சிருந்தா, ஃபில்டர் அடியில இருக்கிற திருகைத் தளர்த்தி தண்ணியை வடிச்சுட்டுக் கொடுங்க. அந்த டேங்க்குல டீசல் எத்தனை மாசமா நிக்குதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.