பொன்னை விட்டோம், நிறத்தை விட்டோமா?



சில மாதங்களுக்கு முன், மைசூருவில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் தம் மகளுக்காக ஜெபிக்கும்படி என் மனைவியிடம் கேட்டுக்கொண்டார். தருமபுரியிலிருந்து பிழைப்பைத் தேடி இந்நகரத்திற்கு வந்த குடும்பம் அது. மகள் பட்டம் பெற்றவள். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் போதிக்கிறவள். மூன்று வரன்கள் வந்து திரும்பிவிட்டன. "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம் கம்மி என்கிறார்கள்" என்று தாயார் கண்ணீர் விட்டார். திரும்பிப் போன மூன்று வீட்டாரும் விசுவாசக் குடும்பத்தார் என்பதே என்னை அதிகமாய் வேதனைப்படுத்தியது.

இதில் நானும் குற்றமற்றவன் அல்லன். ஊழியத்தின் தொடக்க நாட்களில் ஒரு சம்பந்தம் பேசியபோது, "நிறம் சற்றுக் குறைவு, ஆனால் குணம் மிக நல்லது" என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அந்த "ஆனால்" என்ற சொல்லில் எவ்வளவு அநியாயம் அடங்கியிருக்கிறது என்பதை அன்று நான் உணரவில்லை.

அந்த மகளின் கன்னங்கள் சிவந்து, தடித்து, பருக்கள் நிறைந்திருந்தன. ஓராண்டாக ஒரு மருந்துக் கடையில், மருத்துவர் சீட்டு இல்லாமல், ஒரு களிம்பை வாங்கித் தடவி வந்தாளாம். "சிவப்பாக வேண்டுமென்று எனக்கு ஆசையில்லை ஐயா. அம்மா அழக்கூடாது என்றுதான் தடவினேன்" என்றாள்.

பெற்றோரே, இதைக் கவனமாய் வாசியுங்கள். இப்படி விற்கப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் சில வாரங்கள் முகம் வெளுத்ததுபோல் தோன்றும். பின்பு தோல் மெலிந்து சிவக்கும். பருக்களும் ரோமமும் உண்டாகும். நிறுத்தினால் எரிச்சல் மிகுவதால், மறுபடியும் அதையே நாடுவார்கள். இதனாலேயே 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று ஆணையிட்டது. வேறு சில களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோலில் மெலனின் என்னும் நிறமி உண்டாவதைத் தடுக்கும். உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில், சிறுநீரக நோயோடு வந்த பலர் இத்தகைய முகக் களிம்பைத் தடவியவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர்; 2023-ல் இது வெளியே தெரிய வந்தது. மெலனினோ வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காப்பது. சிருஷ்டிகர் பிடித்திருக்கும் குடையை நாமே கிழித்து எறிவதா?

உலகத்தார்கூட இதைக் குறித்து வெட்கப்படத் தொடங்கிவிட்டார்கள். 2009-ல் சென்னையில் கவிதா இம்மானுவேல் என்னும் சகோதரியின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நிறத்தைக் காட்டி ஒருவரைத் தாழ்வாய்ச் சித்திரிக்கலாகாது என்று 2014-ல் விளம்பரத் துறையினரே தங்களுக்கு விதி வகுத்துக்கொண்டனர். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. ஆனாலும் பெயர் மாறினதேயன்றி, அதை வாங்குகிற மனம் மாறியதா?

மோசே மணந்த எத்தியோப்பிய ஸ்திரீயினிமித்தம் மிரியாமும் ஆரோனும் அவருக்கு விரோதமாய்ப் பேசினதை நாம் அறிவோம். அவர்கள் நிறத்தைக் குறித்துத்தான் பேசினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஆயினும் அந்நிய தேசத்து மருமகளை இகழ்ந்த மிரியாமின் தோல் குஷ்டத்தால் வெளுத்தது. அவள் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். வெண்மை அன்று அவளுக்கு மேன்மையாயிருக்கவில்லை.

நம்முடைய சபைகளில் அநேகர் நகை அணிவதில்லை. புறம்பான அலங்காரம் வேண்டாம் என்று பொன்னைக் கழற்றி வைத்தோம். அப்படிப்பட்ட நாமே, மகனுக்குப் பெண் தேடும்போது, "ரட்சிக்கப்பட்டவளாய், ஞானஸ்நானம் பெற்றவளாய், சிவந்த நிறமுள்ளவளாய்" என்று எழுதிக் கொடுக்கிறோம். பொன்னையாவது கழற்றி வைக்கலாம்; தோலை அவள் எங்கே கழற்றி வைப்பாள்?

ஆகையால் அன்பானவர்களே, மூன்று காரியங்களைச் செய்வோம். வரன் தேடும் குறிப்பிலிருந்து நிறத்தைக் குறித்த வார்த்தையை அடித்துவிடுவோம். பிறந்த குழந்தையைக் காணச் சென்றால், "யாரைப்போல நிறம்?" என்று கேளாதிருப்போம். வாலிபத் தம்பிகளே, தாயார் நிறத்தைச் சொல்லி ஒரு பெண்ணைத் தள்ளும்போது, மௌனமாயிராமல் மரியாதையோடு வாய் திறவுங்கள்.

அந்த மகளை என் மனைவி கே.ஆர். மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்கள். களிம்பை விட்டுவிட்டாள், முகம் மெதுவாய் ஆறி வருகிறது. வரன் இன்னும் அமையவில்லை. குறை அவளிடத்தில் இல்லை, பார்க்கிற நம் கண்ணிலேயே இருக்கிறது. கர்த்தர்தாமே நம் கண்களைத் தெளிவிப்பாராக.