பழைய பிக்-அப் வண்டியும் அது சுமந்த பாரமும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ சென்னைக் கோயம்பேட்டு மார்க்கெட்டுக்கோ விடியுமுன் சென்று பார்ப்பவர்களுக்கு, நமது ராஜ்யத்தின் வியாபாரம் எவற்றின் முதுகின்மேல் நடைபெறுகிறதென்பது நன்கு விளங்கும். 1986-ஆம் வருஷத்தில் வெளிவந்த டாடா 407, 2005-இல் வந்த டாடா ஏஸ், 2011-இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த், இவற்றோடு மஹிந்திரா பொலேரோ பிக்-அப் முதலிய சிறு சுமை வண்டிகள் இல்லையேல், தோட்டத்துத் தக்காளி தோட்டத்திலேயே அழுகிக் கிடக்கும். புதிய வண்டிக்குப் பொருளில்லாத சிறு வியாபாரியும், விளைந்ததைத் தாமே சந்தைக்குக் கொண்டுபோக விரும்பும் விவசாயியும், பிறர் வண்டியை ஓட்டிச் சலித்துச் சொந்தத்தில் பிழைக்க எண்ணும் டிரைவரும் பழைய டீசல் வண்டியையே நாடுகின்றனர். மனைவியின் நகைகளும் வட்டிக்கு வாங்கிய கடனும் அதில் போய் முடங்குகின்றன. வாங்கிய மூன்றாம் மாதத்தில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் வாடகை நிற்கும், தவணை நிற்குமா?

நமது நேயர்களிற் பலர் சங்கங்களிலும் கூட்டுறவுச் சபைகளிலும் உழைப்பவர்கள். கிராமத்தார் இவ்விஷயத்தில் யோசனை கேட்க முதலில் அவர்களிடமே வருவார்கள். ஆதலின் இதனைப் பத்திரிகைக்குத் தகாத அற்ப விஷயமென்று நாம் கருதவில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் கேட்கும் முதற் கேள்வி, 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்பது. இரண்டாவது, 'எந்த வருஷத்து மாடல்?' என்பது. இவ்விரண்டும் கார் வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள். கார் ஓடித் தேய்கிறது; பிக்-அப்போ சுமந்து தேய்கிறது. ரொட்டியும் பிஸ்கட்டும் ஏற்றி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, மணலும் ஜல்லியும் ஏற்றி நாற்பதினாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைக் காட்டிலும் இளமையோடிருக்கக் கூடும். தவிரவும், கிலோமீட்டர் எண்ணைக் குறைத்துக் காட்டும் வித்தை ஊருக்கு ஊர் மலிந்து கிடக்கிறது. மிதி கட்டைகளின் ரப்பர் வழவழத்துப்போய், ஸ்டியரிங் சக்கரம் பளபளத்து, டிரைவர் ஆசனம் குழிவிழுந்திருக்க, எண் மட்டும் முப்பதினாயிரம் என்று சொல்லுமாயின், எண்ணை நம்பலாகாது. எனவே, 'இது எதைச் சுமந்தது? எவ்வளவு சுமந்தது?' என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம்.

விற்பவர் உண்மை கூறமாட்டாரென்று வைத்துக்கொள்வோம். வண்டி கூறும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெற்று எடையும் பாரத்துடன் கூடிய மொத்த எடையும் எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அது சட்டப்படி ஏற்றக்கூடிய பாரம். தோஸ்த் போன்ற வண்டி சுமார் ஒன்றேகால் டன்னுக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் இரண்டு டன், இரண்டரை டன் ஏற்றுவோர் உண்டு. 2019 செப்டம்பரில் அமுலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000-உம், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-உம் ஆகும். அபராதத்துக்கு அஞ்சாதவர்கள் முதலில் செய்யும் காரியம் பின் ஸ்பிரிங்கில் மேலும் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்ப்பதுதான். ஆகவே வண்டியின் கீழே படுத்துப் பார்க்கவேண்டும். வேட்டி அழுக்காகுமென்று தயங்குகிறவர் வேறொருவரை அழைத்துச் செல்வது நலம். பட்டைகளில் ஒன்று மட்டும் வேறு நிறமாயும் துருவின்றியும் இருந்தால், அல்லது அவற்றைக் கட்டும் போல்ட்டுகள் புதியனவாயிருந்தால், கதை வெளியாகிவிட்டது.

அடுத்தபடி சேசிஸைப் பார்க்கவேண்டும். டிரைவர் அறைக்குப் பின்புறமும், ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களிலும் வெடிப்போ, வெல்டிங் தழும்போ, தகடு வைத்துத் தைத்த அடையாளமோ உண்டா? அங்கு மட்டும் புதிதாகக் கருப்புச் சாயம் பூசியிருந்தால் விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். சேசிஸ் வெடித்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாதென்போம். என்ஜினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். முதுகெலும்பை மாற்றுவதற்கு வழியில்லை. பாரத் தட்டின் அடியில் குறுக்குச் சட்டங்களுக்கிடையே பள்ளம் விழுந்திருப்பதும், பக்கப் பலகைகள் வெளியே பிதுங்கியிருப்பதும் இதே சாட்சியத்தைச் சேர்ந்தவை.

இங்கே எளிய உபாயமொன்றைச் சொல்வோம். வெறும் வண்டியை எடை மேடைக்கு ஓட்டிச் சென்று நிறுத்துப் பாருங்கள். சந்தையுள்ள ஊர்களில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை, கூலியும் சொற்பம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள வெற்று எடையைக் காட்டிலும் நூற்றுக்கணக்கான கிலோ அதிகமிருக்குமாயின், சேர்க்கப்பட்ட இரும்பு எங்கேயோ இருக்கிறது. அது எதற்காகச் சேர்க்கப்பட்டதென்று விற்பவரையே கேட்கலாம்.

என்ஜின் விஷயத்தில் விதி ஒன்றுதான்: அது குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். 'பத்து மணிக்கு வாருங்கள், வண்டியைத் தயாராக வைத்திருக்கிறோம்' என்று தரகர் சொன்னால் ஏழு மணிக்கே போய் நிற்பது உத்தமம். கையால் தொட்டுப் பார்க்கும்போதே என்ஜின் சூடாயிருந்தால், அன்று திரும்பிவிட்டு மறுநாட் காலையில் போகலாம். இரவெல்லாம் நின்ற டீசல் என்ஜின் சிரமமின்றிக் கிளம்புமாயின் அதுவே பாதிச் சான்று. தொடக்கத்தில் சிறிது வெண்புகை வந்து மறைவது குற்றமன்று. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். விடாத கரும்புகை நாசிலிலோ, டர்போவிலோ, அடைபட்ட ஏர் பில்டரிலோ கோளாறென்று உணர்த்தும். சூடேறிய பின்னும் நில்லாமல் வரும் வெண்புகையோடு ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்கவேண்டும். பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று கூறும் நோயிருந்தால், அவ்வழியே புகை குபுகுபுவென்று வெளிவரும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்ததற்கு இதைவிடத் தெளிந்த அத்தாட்சி வேண்டுவதில்லை. ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம். டீசல் என்ஜினில் புதிய ஆயிலும் சில நாட்களில் கறுத்துவிடும். பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பதே ஆபத்து.

ஓட்டிப் பார்க்கையில் வெறும் வண்டியை ஓட்டிப் பயனில்லை. பாரம் ஏற்றாத பிக்-அப் பொய் சொல்லும். அனுமதித்த எடைக்கு மூட்டைகளை ஏற்றி ஒரு மேட்டில் செலுத்தினால் கிளட்ச் நழுவுவதும், கியர் தானே கழல்வதும், பின் அச்சிலுள்ள கிரௌன் பற்சக்கரம் இரைவதும், பிரேக் ஒருபுறம் இழுப்பதும் அரை மணியில் வெளிப்பட்டுவிடும். பாரத்தோடு ஓட்ட இசையாத உரிமையாளரிடம் மேற்கொண்டு விலை பேசவேண்டிய அவசியமில்லை.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் இன்னொரு தொல்லையுண்டு. அவற்றின் புகைக் குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே குறுகிய நடைகள் ஓடிய வண்டியில் அது அடைபடும். மாற்றச் செலவு அதிகம். சிலர் அதைக் கழற்றியெறிந்துவிட்டு எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிடுகின்றனர். சாவியைத் திருப்பியவுடன் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி கிளம்பியபின் அணையவேண்டும். ஆரம்பத்திலேயே எரியாத விளக்கு ஆரோக்கியத்தின் அடையாளமன்று. வாயடைக்கப்பட்ட சாட்சி அது.

நாம் வக்கீல் தொழிலைச் சார்ந்தவர்களாதலால் தஸ்தாவேஜு விஷயத்தில் சற்று நீட்டிப் பேசுவதை நேயர்கள் பொறுப்பார்களாக. என்ஜினைச் சோதிக்க மெக்கானிக்கை அழைத்துச் செல்கிறவர்கள்கூட, காகிதங்களைத் தரகர் கையிலுள்ள கட்டாகவே பார்த்துத் திருப்தியடைகின்றனர். சேசிஸில் பொறித்துள்ள எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை நேரிற் பார்க்கவேண்டும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று, எட்டு வருஷத்துக்கு உட்பட்ட சுமை வண்டிக்கு இரண்டு வருஷமும், அதற்கு மேற்பட்டதற்கு ஒரு வருஷமுமே செல்லும். அது எப்போது முடிகிறது? வரி எதுவரை கட்டியிருக்கிறது? அபராதப் பாக்கி எவ்வளவு? மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியானால் பெர்மிட்டும் வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த ஸ்தாபனத்தின் பெயர் இருந்தால், 'கடன் தீர்ந்துவிட்டது' என்ற வாய்ச்சொல் செல்லாது. அந்த ஸ்தாபனத்தார் கையெழுத்திட்ட 35-ஆம் பாரம் கைக்கு வரவேண்டும். இல்லையேல் முந்தியவர் கட்டாத தவணைக்காக வண்டி உம் வாசலிலிருந்தே போய்விடக்கூடும். கடன் கொடுத்தோர் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்கும் வண்டிகள் மலிவென்பது உண்மை. ஆனால் பாரம் ஏற்றி ஓட்டிப்பார்க்கும் வசதி அங்கே கிடைப்பது அருமை. அவர்கள் 36-ஆம் பாரத்தின் மூலம் ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார்களா என்று விசாரியாமல் ஏலம் கேட்பது சரியன்று.

இவை எல்லாவற்றிலும் நம்மை மிகவும் வருத்துவது, தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் 29, 30-ஆம் பாரங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியைக் கைக்குக் கை மாற்றும் வழக்கம். சட்டப்படி விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் (வேறு ராஜ்யமாயின் 45 நாட்களுக்குள்), வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். பலர் கை மாறியும் பெயர் மாறாத ஒரு வண்டியின் வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளியென்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அது விற்றவர் கவலையென்று வாங்குகிறவர் இருந்துவிடலாகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாட்களுக்குள் அறிவித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவர், தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு ஒரு காசும் பெறுவது துர்லபம்.

பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அதிகாரிகளிடம் அங்கீகாரப் பத்திரம் பெற்றே தொழில் நடத்தவேண்டுமென்றும், வண்டி அவர்கள் கையிலுள்ள காலத்தில் அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவரென்றும் மத்திய சர்க்கார் செய்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கின்றன. நல்ல விதிகளே. வாங்குவோர் கேட்காதவரையில் அவை காகிதத்தில் உறங்கிக்கிடக்கும். ஆகவே தரகரிடம் முதலில் அப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக்கை நீங்களே கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். தரகர் காட்டும் மெக்கானிக் தரகருக்கே சாட்சி. கிரயத் தொகையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் பதிவாகும்வரை நிறுத்திவைத்து, அதனை ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு இசைபவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் அதிகம் கொடுத்து வாங்குவதையும் நாம் ஆட்சேபிக்கமாட்டோம்.