டியூன் செய்த வண்டிக்கு யார் பொறுப்பு?

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, என் அண்ணனின் டீசல் பிக்கப் கிள்ளான் – பந்திங் சாலையில் திடீரெனச் சோர்ந்துபோனது. எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது மூன்று வாரமாகவே விட்டுவிட்டு எரிந்ததாம். அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

நான் போலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் படிக்கிறேன். அதனால் மறுநாள் சேவை மையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகுது தம்பி. ஐந்து வருஷ உத்தரவாதம் இருக்கு. ஒரு காசு செலவில்லை" என்றார் வழியில்.

சேவை மையத்தில் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜினில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா?" என்பதுதான். அண்ணன் சற்றும் தயங்காமல் "இல்லை" என்றார். அரைமணி நேரம் கழித்துத் தொழில்நுட்பர் எங்களை அழைத்துக் கணினித் திரையைக் காட்டினார். வண்டியின் இன்ஜின் கணினியில் இருந்த நிரல், தொழிற்சாலை ஏற்றிய நிரலோடு ஒத்துப்போகவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அப்போதுதான் தெரியும், அவர் வண்டியை டியூன் செய்திருக்கிறார் என்று.

அவர் வேகப் பந்தயத்துக்குப் போகிறவர் அல்லர். 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் ஏறியது நினைவிருக்கும். தினமும் பந்திங்கிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது பெரிய அடி. "டியூன் பண்ணினால் இழுவையும் கூடும், எண்ணெயும் மிச்சம்" என்று ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். 1,800 ரிங்கிட் கொடுத்துச் செய்துவிட்டார். உத்தரவாதம் பற்றிக் கேட்டதற்கு, "கவலைப்படாதீங்க பாஸ், யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது.

வண்டிக்குள் என்ன நடந்தது என்பதை என் வயது வாசகர்கள் புரிந்துகொள்வது நல்லது. இன்றைய டீசல் இன்ஜினில் புகையைக் கட்டுப்படுத்த முக்கியமாக இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று இ.ஜி.ஆர். வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதை இது மட்டுப்படுத்துகிறது. மற்றொன்று டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரி, ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அவ்வப்போது எரிந்து சாம்பலாக வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது நடக்காது.

டியூன் செய்யும்போது பெரும்பாலும் கூடுதல் டீசலைப் பீய்ச்சும்படி நிரலை மாற்றுகிறார்கள். அளவு மிஞ்சினால் டீசல் முழுதாக எரியாது, கரி கூடும். வடிகட்டியோ பழைய அளவுக்குத்தான் செய்யப்பட்டது. அண்ணனின் வண்டியில் கரியும் கூடியது, கிள்ளான் நெரிசலும் சேர்ந்துகொண்டது. நான்கே மாதத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

புதிய வடிகட்டிக்கும் கூலிக்கும் சேர்த்து 9,000 ரிங்கிட் என்றார்கள். உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னார்கள். உத்தரவாதப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தோம். அனுமதியில்லாத மாற்றத்தால் வரும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தார்.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வடிகட்டி விஷயத்தில் சேவை மையம் செய்தது சரி. தன் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு, அதனால் வந்த செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கேட்டபோது "இல்லை" என்று சொன்னது அதைவிடத் தவறு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே வண்டியில் குளிர்சாதனமும் சரியாக வேலை செய்யவில்லை. டியூன் செய்வதற்கு முன்பே அதைப் பற்றி ஒருமுறை புகார் கொடுத்திருந்தார். "டியூன் செய்த வண்டிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது" என்று அதையும் மறுத்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. இன்ஜின் நிரலை மாற்றியதற்கும், அதற்கு முன்பே பழுதான குளிர்சாதனத்துக்கும் என்ன தொடர்பு? புத்தகத்திலும் "மாற்றத்தால் வரும் பழுது" என்றுதான் இருந்தது. அந்த வரியைச் சுட்டிக்காட்டி, பழைய புகாரின் நகலையும் இணைத்து, தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அதே சட்டம், முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்துக்கொண்ட பொருளுக்குத் துணை நிற்பதில்லை. உண்மையைச் சொல்கிறவனால்தான் தன் உரிமையையும் தைரியமாகக் கேட்க முடியும் என்பதை அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையே டியூன் செய்த பட்டறையிலிருந்து ஒரு யோசனை வந்தது. "ஒன்பதாயிரம் எதுக்கு? வடிகட்டியை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்திடலாம். விளக்கு எரியாதபடி நிரலையும் மாத்திடலாம். ஆயிரம் வெள்ளி போதும்." அண்ணனின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சுதான்.

நான் தினமும் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குப் போகிறவன். சாலை விளக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கும் டீசல் வண்டி கிளம்பினால், கரும்புகை நேராக என் முகத்தில்தான் அடிக்கும். தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கினாலும் தப்ப முடியாது. அண்ணனும் கார் வாங்கும்வரை ஆறு வருடம் மோட்டாரில் போனவர்தான். "அண்ணே, நீங்க திட்டித் தீர்த்த வண்டியாக இனி நம்ம வண்டியே இருக்கப்போகுதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2012இல் சேர்த்தது. நம் நாட்டில் டீசல் வாகனப் புகைக்கு 1996 முதலே தனி விதிமுறைகள் உள்ளன. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் மிகக் குறைந்த யூரோ 5 டீசலே விற்கப்படுகிறது. இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் வடிகட்டியை வெட்டி எறிந்தால் என்ன பயன்?

பெரிய நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் நிரலைப் பொருத்தியதாக ஃபோக்ஸ்வேகன் 2015இல் ஒப்புக்கொண்டது. உலகமெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அந்த நிரல் இருந்தது. அதற்கு வழிவகுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வுக்குழு. அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் அதில் ஒருவர். கருவிகளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, சாலையில் ஓட்டி அளந்து பார்த்தபோது, ஒரு வண்டியின் நைட்ரஜன் ஆக்சைடு அளவு வரம்பைப்போல் 35 மடங்குவரை போனது தெரியவந்தது. நிறுவனம் செய்தால் மோசடி, நாம் செய்தால் சிக்கனம் என்று சொல்ல முடியுமா?

டியூன் செய்வதையே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அது நல்ல திறமை வேண்டிய வேலை. என் வகுப்பில் பாதிப்பேருக்கு அதில்தான் ஆசை. நாளை பட்டறை வைக்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாடிக்கையாளரிடம் என்ன மாற்றினீர்கள், எந்த உறுப்புக்குக் கூடுதல் சுமை வரும், எந்த உத்தரவாதம் போகும் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். "யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லி வேலை பிடிக்காதீர்கள். வடிகட்டியை வெட்டும் வேலை வந்தால் மறுத்துவிடுங்கள்.

வண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். முகப்பு விளக்கு எதைச் சொல்கிறது என்று அப்பாவுக்கும் அண்ணனுக்கும் விளக்குங்கள்.

அண்ணன் கடைசியில் புதிய வடிகட்டியே போட்டார். அசல் நிரலையும் மீண்டும் ஏற்றச் சொன்னார். சேவை மையத்தில் அந்த ஆலோசகரிடம், "அன்னிக்கு நான் பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க" என்றும் சொல்லிவிட்டு வந்தார். ஒன்பதாயிரத்துக்கான தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் காலையில் அவர் வண்டி கிளம்பும்போது, பின்னால் என் மோட்டாரை நிறுத்த நான் தயங்குவதில்லை.