ஈயும் சான்று பகரும்

தமிழில் ‘ஈ’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அது பறக்கும் சிற்றுயிரையும் குறிக்கும். ‘கொடு’ என்னும் பொருளையும் தரும். நாம் இகழ்ந்து விரட்டும் அச்சிற்றுயிர் நீதிமன்றத்திற்குச் சான்று ஈயவும் வல்லது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

1247இல் சீன நீதி அலுவலர் சோங் ட்சு எழுதிய நூல் ஒரு கொலை வழக்கைக் கூறுகிறது. ஊராரின் அரிவாள்களை வெளியில் பரப்பி வைத்தபோது, ஒன்றை மட்டும் ஈக்கள் மொய்த்தன. அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 1935இல் ஸ்காட்லாந்து ஓடையருகே இரு பெண்களின் உடல்கள் சிதைந்து கிடந்தன. அவற்றிலிருந்த புழுக்களின் வயதைக் கொண்டும் காலம் கணிக்கப்பட்டது. பம்பாயில் பிறந்த மருத்துவர் பக் ரக்ஸ்டன் தண்டிக்கப்பட்டார்.

உயிர் நீங்கிய உடலை முதலில் நாடி வருபவை, பச்சையும் நீலமுமாய் உலோகம்போல் ஒளிரும் ஈக்களே. முட்டை, மூன்று நிலைப் புழு, கூட்டுப்புழு, ஈ என்னும் வளர்ச்சிப் படிகள் வெப்பநிலைக்கேற்ப ஒழுங்காக நிகழ்கின்றன. புழுவின் வயது தெரியின், உடல் குறைந்தது எத்தனை நாள் கிடந்தது என்பது புலப்படும். நம் நாட்டு வெப்பத்தில் உடற்சூடும் விறைப்பும் காட்டும் அடையாளங்கள் விரைவில் மறையும். அதன்பின் ஈயே நமக்குக் கடிகாரம்.

ஆயின் எல்லா ஈயும் ஒரே கடிகாரம் அன்று. கிரைசோமியா மெகாசெபலா, கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் ஆகிய இரண்டும் மக்கள் கண்ணுக்குப் பச்சை ஈக்களே. முன்னது முந்தி வரும். பின்னது பெரும்பாலும் பிந்தி வரும். அதன் புழு பிற ஈக்களின் புழுக்களையும் தின்னும். வளர்ந்த புழுவை அதன் உடலிலுள்ள சதை முனைகளால் அறியலாம். இளம்புழுவுக்கு நுண்ணோக்கியும் மரபணு ஆய்வும் வேண்டும். இனம் பிழைத்தால் நாள் பிழைக்கும். நாள் பிழைத்தால் குற்றமற்றவன் கூண்டில் நிற்பான். குற்றவாளியோ ‘அன்று நான் ஊரிலேயே இல்லை’ எனத் தப்புவான்.

தடய அறிவியல் ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதன்று. 1991 மே 21இல் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலையைத் துலக்கியதில் சிதறிய துணுக்குகளுக்கும் ஒரு நிழற்படக் கருவிக்கும் பெரும் பங்குண்டு. அன்று இறந்தவர் நாடறிந்தவர். நாடே விடை கேட்டது. இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஓரகடம் வரை ஆலைகள் நிறைந்துள்ளன. ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் உற்றார் உறவினரின்றி வாடகை அறைகளில் வாழ்கின்றனர். அவருள் ஒருவர் ஏரிக்கரைப் புதரில் இறந்து கிடந்தால், கடைசியாகக் கண்ட நாளைச் சொல்ல அருகில் யார் உளர்? சுற்றம் இல்லாத இடத்தில் ஈயின் சாட்சியம் இன்றியமையாதது.

2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்தைப் பார்வையிட வேண்டும் என்கிறது. இதனை ஐந்தாண்டுகளுக்குள் செயற்படுத்த மாநிலங்களுக்குக் காலமும் தருகிறது. வல்லுநர் வந்தால் மட்டும் போதுமா? குளிர்நாட்டு அட்டவணை தகரக் கூரையின் வெம்மைக்குப் பொருந்தாது. ஏரிக்கரையின் வெப்பம் வேறு, ஆலைக் கிடங்கின் வெப்பம் வேறு.

ஆகவே இப்பகுதிக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் திங்கள்தோறும் ஈக்களைச் சேகரித்து, வெப்பநிலையைக் குறித்து வளர்த்து, இனம் கண்டு பதிவு செய்தல் வேண்டும். இறைச்சித் துண்டும் வெப்பமானியும் நுண்ணோக்கியும் இருந்தால் மாணவரே இப்பணியைத் தொடங்கலாம். தமிழ்த் துறைக்கும் இதில் பங்குண்டு. கீழமை நீதிமன்றத்தில் வல்லுநர் கூறுவது சாட்சிக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் விளங்க வேண்டும். அனைத்தையும் ‘பச்சை ஈ’ என்று கூறி அமையாது, ஒவ்வோர் இனத்திற்கும் தெளிவான தமிழ்ப்பெயர் வகுத்தல் நம் கடன்.

இறந்தோரின் மாண்பைக் காத்தல் எல்லாச் சமயத்தாரும் போற்றும் அறம். பெயரறியா ஏழைத் தொழிலாளிக்கும் அவ்வறம் உரியது. அவருக்காகப் பேச ஓர் ஈ காத்திருக்கிறது. அதன் மொழியை நாம் கற்போமாக!